ஒன்றாம் நம்பர் உல்லாசக் கலம்

கொல்லம் 1106-ம் ஆண்டு, அதாவது இங்கிலீஷ் 1931-ல், மாசி மாதம் ஒரு வெள்ளைக்காரத் துரை முட்டம் கடற்கரைக்கு வந்தார், நனைந்தார், போனார். அவர் நனைந்த காரணத்தால் ஒரு சர்க்கார் இலாகாவே உண்டாயிற்று என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் நம்புவார்கள்; அவர்களுக்கு இலாகாக்களோடு பழக்கம் உண்டு.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் ஞானையன். தக்கலையில் தாலுகா கச்சேரிக்கு எதிரே, புளியமரத்தடியில், ஒரு சாய்வுமேஜையும் மைக்கூடுமாக உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறவன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்தேன். பிரசங்க நடையையும் கச்சேரி நடையையும் கலந்து எனக்கென்று ஒரு நடையை உண்டாக்கிக்கொண்டேன். என் மனுக்களைப் படித்துக் கண்கலங்கிய அதிகாரிகள் உண்டு. உத்தரவு போட்டவர்கள்தான் குறைவு.

துரை சங்கதிக்கு வருகிறேன். அவர் கப்பல்களுக்கு வெளிச்சம் காட்டும் விளக்குமரத்துப் பாறையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், ததேயுஸ் என்ற மீன்பிடிகாரன் தன் கட்டுமரத்தில் அலையைத் தாண்டிக் கரைக்கு வந்தான். துரை இறங்கி வந்து, தன்னையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போகும்படி கையைக் காட்டினார். ததேயுஸுக்கு யாரிடமும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. ஏற்றிக்கொண்டு போனான். துரை இரண்டு தடவை கடலில் விழுந்தார். இரண்டு தடவையும் ததேயுஸ் அவரைத் தலைமயிரைப் பிடித்துத் தூக்கிப் போட்டான். கரைக்கு வந்த துரை அவனுக்குக் கைகொடுத்துவிட்டு, பயணிகள் தங்கும் முசாவரி பங்களாவுக்குப் போய், வருகிறவர்கள் அபிப்பிராயம் எழுதும் புத்தகத்தில் "கட்டுமரம் ஏறினேன். முழுக்க நனைந்தேன். பரமானந்தம்" என்று இங்கிலீஷில் எழுதிவைத்துவிட்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டார். பாவி மனுஷன், நனைந்தவன் துவட்டிக்கொண்டு போயிருக்கக் கூடாதா? எழுதுவானேன்?

அந்தப் புத்தகம் திருவனந்தபுரம் போயிற்று. அங்கே அதை யார் யாரோ படித்தார்கள். சித்திரை பிறப்பதற்குள் 'அந்நிய விருந்தினர் உல்லாச சாகச இலாகா' என்று ஒன்று ஏற்பட்டுவிட்டது. அதற்கு ஒரு சூப்பிரண்டு, ஓர் இன்ஸ்பெக்டர், நாலு குமாஸ்தா, சேவகர்கள், ஓர் இரும்புப் பெட்டி, நாற்பத்துமூன்று விதிகள் அச்சடித்த ஒரு பச்சை அட்டைப் புத்தகம் எல்லாம் வந்து சேர்ந்தன. கடலை மட்டும் முட்டத்துக்காரர்கள் கொடுக்க வேண்டியிருந்தது.

சூப்பிரண்டு கடற்கரைக்கு வந்து பிரசங்கம் செய்தார். காற்று முகத்தில் அடிக்கிறது என்று கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"மகாஜனங்களே! இந்தக் கடல் எத்தனையோ ஆயிரம் வருஷமாக இங்கே கிடக்கிறது. யாராவது இதை ஒரு நல்ல காரியத்துக்கு உபயோகித்தீர்களா? மீன் பிடித்தீர்கள். அவ்வளவுதான்! இனிமேல் இங்கே சாகசம் நடக்கும். சாகசம் என்றால் ஆபத்து. ஆனால் ஆபத்து என்பது கண்டவன் கண்ட நேரத்தில் அனுபவிக்கிற வஸ்து அல்ல. இலாகா அனுமதித்த ஆபத்தை, அனுமதித்த நேரத்தில், அனுமதித்த அளவில் விருந்தினர்களுக்கு வழங்குவோம். நான் கடலில் இறங்கியது கிடையாது. இறங்கவும் மாட்டேன். இறங்கினால் எனக்கு அதைப்பற்றி ஓர் அபிப்பிராயம் வந்துவிடும். அதிகாரிக்கு அபிப்பிராயம் ஆகாது!"

துரை ஏறிய கட்டுமரம் என்பதால் ததேயுஸின் மரத்துக்குத்தான் முதல் மரியாதை. அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் 'உல்லாசக் கலம் நம்பர் 1' என்று எழுதினார்கள். ததேயுஸுக்கு ஒரு மாலை போட்டு, ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கினார்கள். அவன் அந்த மாலையை வீட்டுக்குக் கொண்டுபோய் மாதா படத்துக்குப் போட்டான்.

மறுநாள் விடிந்ததும் அவன் மரத்தைக் கடலில் தள்ளப் போனபோது, இலாகாச் சேவகன் சுடலையாண்டி குறுக்கே வந்து நின்றான். சுடலையாண்டி இராஜாக்கமங்கலத்துக்காரன், நல்ல மனுஷன், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன்.

"ஓய், இதுல மீன் பிடிக்கப்பிடாதுலா. நாலாம் விதி. மீன் வாடை அடிச்சா துரைமாருக்குக் கொமட்டும்."

"எனக்க மரத்துல நான் தொழிலுக்குப் போவாண்டாமா?"

"மரம் ஒமக்குத்தான் ஓய். யாரு இல்லன்னா? பதிஞ்சது சர்க்காருக்கு."

"செரி, அப்போ தொரைய எப்பம் ஏத்தணும்?"

"அதுக்கு லைசென்ஸ் வேணும். அது ஒமக்கு இன்னும் வரல."

முட்டத்திலிருந்து தக்கலைக்கு மூன்று மணி நேரம் நடந்து ததேயுஸ் என்னிடம் வந்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சாரே, கைநாட்டு வச்சா தொரைமாரு வருவினும்னு பறஞ்சாவ. வச்சேன். இப்பம் தொரையும் இல்ல, மீனும் இல்ல. எனக்க மரம் மணல்ல கெடக்கு."

அந்த மரத்தின் கதை எனக்குத் தெரியும். ஆறு வருஷம் அடுத்தவன் மரத்தில் துடுப்புப் போட்டு, மலையிலிருந்து ஆற்றில் மிதந்து குழித்துறைக்கு வந்த தடிகளில் நாலைத் தட்டித் தட்டிப் பொறுக்கி, ஆற்றோடும் கடலோடும் தானே இழுத்துக்கொண்டு வந்து செதுக்கியது. சொந்த மரம் இருப்பதால் ஒருவன் முதலாளியாகிவிட மாட்டான். ஆனால் விடியற்காலையில் அடுத்தவன் வாசலில் போய், இன்றைக்கு என்னைக் கூட்டிப் போவீர்களா என்று நிற்க வேண்டாம். ததேயுஸ் ஆசைப்பட்டது அவ்வளவுதான். வீட்டில் அவன் மனைவி செசிலியும் மூன்று பெண்பிள்ளைகளும் அந்த நாலு தடியை நம்பித்தான் இருந்தார்கள்.

ஒன்று லைசென்ஸ் கொடுங்கள், இல்லாவிட்டால் பதிவிலிருந்து நம்பரை வெட்டிவிடுங்கள் என்று முதல் மனு எழுதினேன். 'சமூகத்தின் திருவடிகளில் கண்ணீரால் கழுவிச் சமர்ப்பிக்கும்' என்று ஆரம்பித்தேன் (சமூகம் என்றால் கச்சேரி நடையில் அதிகாரி). ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. லைசென்ஸ் வேண்டுமானால் மனுதாரன் நீந்தத் தெரிந்தவன் என்று பரீட்சையில் தேற வேண்டுமாம்.

ததேயுஸ் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

பரீட்சைக்கு இன்ஸ்பெக்டர் பொன்னுலிங்கம் வந்தார். புதுத் தொப்பி, கழுத்தில் ஊதல், கையில் பச்சைப் புத்தகம். பரீட்சை நடக்கும் இடம் கடல் அல்ல. ஐந்து மைல் உள்ளே தள்ளி இருந்த ஒரு கோயில் குளம். மனு எழுதினவன் என்ற முறையில் நானும் கூடப் போயிருந்தேன்.

"எசமானே, கடல்லயே வச்சுப் பாத்திருக்கலாமே" என்றேன்.

"கடல்ல ஆழம் கூடுதல் வேய். பரீட்சைக்கு வந்தவன் செத்துக்கித்துப் போனா இலாகாவுக்குல்லா கெட்ட பேரு?"

"இவன் தெனமும் கடல்லதானே—"

"அது அவனுக்க சொந்தப் பொறுப்பு. இது பரீட்சை."

ததேயுஸ் குளத்தில் இறங்கப் போனான். குளத்தைப் பார்த்துக்கொள்கிறவர் ஓடி வந்து கையை விரித்தார். கடற்கரை ஜாதிக்காரன் கால் வைத்தால் குளம் தீட்டாகிவிடுமாம். கரை வரைக்கும் வரலாமாம், அதுவும் தென்கரைக்கு மட்டும். அந்த ஆள் பேரில் எனக்குக் கோபம் வந்தது. பொன்னுலிங்கத்துக்குக் கோபம் வரவில்லை. அவர் பச்சைப் புத்தகத்தைப் புரட்டினார்.

"பதினோராம் விதி என்ன சொல்லுகு? 'நீச்சலாவது, கைகால்களை முறைப்படி அசைத்து முன்னேறுதல்.' இதுல வெள்ளம், தண்ணின்னு ஒரு வார்த்தை இல்ல பாத்தீரா? ஓய் ததேயுஸு, கரையில படும். நீந்தும்."

ததேயுஸ் என்னைப் பார்த்தான். பிறகு படுத்தான். சரளைக்கல் கிடந்த கரையில் குப்புறப் படுத்து, கையை வீசி, காலை உதைத்து, வாயால் மூச்சு விட்டு விட்டு நீந்தினான். பொய்யாகச் செய்யவில்லை, நிஜமாகவே நீந்தினான். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. பொன்னுலிங்கம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். குளிக்க வந்தவர்கள் படித்துறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஊதல் ஊதியதும் முடிவை எழுதிக் கையில் கொடுத்தார். 'கைகால் அசைவு திருப்திகரம். முன்னேற்றம் பூஜ்யம். தேறவில்லை.'

திரும்பி வருகிற வழியில் ததேயுஸ் முழங்கையில் ஒட்டியிருந்த சரளையைத் தட்டிக்கொண்டே வந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"சாரே, எனக்கு நீந்தத் தெரியாதோ?"

"சவத்தத் தள்ளும் ஓய்! அந்தக் கூறுகெட்டவன் எழுதினா ஆச்சா?"

"இல்ல, சர்க்காரு காயிதம்லா" என்றான்.

இரண்டாவது மனுவில் லைசென்ஸ் பேச்சையே விட்டுவிட்டேன். நம்பரை வெட்டினால் போதும், பழையபடி மீன் பிடித்துப் பிழைத்துக்கொள்வான் என்று எழுதினேன். நம்பரை வெட்டுவதற்கு முன் கலத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று பதில் வந்தது. ஆடி மாதம் பொன்னுலிங்கம் கடற்கரைக்கு வந்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கட்டுமரம் என்பது ஆணி அடித்துச் செய்த தோணி அல்ல. தடிகளைத் தேங்காய்த் தும்புக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவது. கடலுக்குப் போய் வந்ததும் கட்டை அவிழ்த்து, தடிகளைத் தனித்தனியாக மணலில் உருட்டிக் காயப்போட்டுவிடுவார்கள். மறுநாள் திரும்பக் கட்டுவார்கள். காயாவிட்டால் தடி தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும். இது கடற்கரையில் தவழுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். பச்சைப் புத்தகத்துக்குத் தெரியாது.

"கலம் எங்க ஓய்?" என்றார் பொன்னுலிங்கம்.

"இதுதான் எசமானே."

"இது நாலு தடில்லா?"

"கெட்டினா மரம், அவுத்தா தடி. வெயிலு கண்டா காயப்போட்டிருவோம்."

பொன்னுலிங்கம் குனிந்து தடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். குறுக்கே எழுதியிருந்த பெயர் நாலாகப் பிரிந்து கிடந்தது. ஒரு தடியில் 'உல்' என்று இருந்தது. இன்னொன்றில் 'நம்பர்' தலைகீழாக இருந்தது. அவர் முகம் வெளுத்தது. ஊதலை எடுத்து மூன்று தரம் ஊதினார். அவர் பேரில் தப்புச் சொல்ல முடியாது. சர்க்கார் சொத்து நாலு துண்டாகக் கிடப்பதை அந்த மனுஷன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறார்.

'பதிவு பெற்ற கலத்தை நான்காக உடைத்தான்' என்று கேஸ் எழுதப்பட்டது. கடற்கரையில் கூடாரம் போட்டு சூப்பிரண்டே விசாரித்தார். ததேயுஸ் கயிற்றை எடுத்து, மச்சினன் யேசுதாசனைத் துணைக்குக் கூப்பிட்டு, எல்லார் கண்முன்பாகவும் நாலு தடியையும் கட்டிக் காட்டினான். கட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் தடியின் நுனியைத் தூக்கிப் பிடித்தால்தான் மற்றவன் அடியில் கயிற்றைக் கொண்டுபோக முடியும். கட்டி முடித்துவிட்டு, "இன்னா இருக்கு எசமானே, ஒடயல" என்றான்.

சூப்பிரண்டுக்குப் பரம சந்தோஷம். "உடைந்ததை உடையாததாக ஆக்கிவிட்டான். ஆகையால் ஜெயில் வேண்டாம். ஆனால் இனி ஒருமுறை உடைத்தால் ஆறு மாதம்" என்று தீர்ப்புச் சொன்னார். நம்பர் விஷயம் பைசலாகும் வரை கலம் இதே நிலையில் இருக்க வேண்டும் என்றும், முடிச்சுகளுக்கு அரக்கு முத்திரை வைக்க வேண்டும் என்றும், ஏழாம் விதிப்படி கலத்தின் ஸ்தானம் நீர் என்பதால் மணலில் போடாமல் தண்ணீரில் கட்டிவைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்.

"எசமானே, வெள்ளத்துல கெடந்தா ஊறிரும்" என்று ததேயுஸ் கும்பிட்டான்.

"கப்பலெல்லாம் எங்கே கிடக்கிறது? மாமரத்திலா?" என்றார் சூப்பிரண்டு. கூட இருந்த குமாஸ்தாக்கள் சிரித்தார்கள்.

விளக்குமரத்துக்குக் கீழே இரண்டு பாறைகளுக்கு நடுவில், அலை அதிகம் அடிக்காத ஒரு வாய்க்கால் போன்ற இடம் உண்டு. மரத்தை அங்கே கட்டினார்கள். முத்திரையைப் பார்த்துக்கொள்ள சுடலையாண்டியைப் போட்டார்கள். நனைந்த கயிற்றில் அரக்கு ஒட்டுமா? அவன் தினமும் காலையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, காற்றில் தீக்குச்சியை உரசி உரசி, அரக்கை உருக்கி முடிச்சில் வைப்பான். மத்தியானத்துக்குள் அது உதிர்ந்துவிடும். "சவத்தெழவு, இதுக்கு ஒரு முடிவில்லியா" என்று தலையில் அடித்துக்கொண்டு மறுபடி உருக்குவான். எட்டு முடிச்சு, நாளுக்கு இரண்டு தரம்.

ஆவணி பிறந்தது. அந்த வருஷம் நெத்திலி கொட்டியது. கரையில் இருந்த மற்ற நாற்பது மரமும் போய்ப் போய் வந்தன. ததேயுஸ் காலையில் பாறைக்குப் போவான், தண்ணீருக்கு மேலே தன் மரம் எவ்வளவு தெரிகிறது என்று விரலை வைத்துப் பார்ப்பான், திரும்பி வருவான். முதல் வாரம் ஆறு விரல் தெரிந்தது. பிறகு ஐந்து. என்னிடம் வரும்போதெல்லாம் அந்தக் கணக்கைத்தான் சொல்லுவான், வேறு பேச்சில்லை.

யேசுதாசனுக்கு மனசு கேட்கவில்லை. "மச்சான், எனக்க மரத்துல வாரும். பங்கு போட்டுக்கிடுவோம்" என்று கூட்டிக்கொண்டு போனான். நாலு நாள் போனார்கள். ஐந்தாம் நாள் பொன்னுலிங்கம் வந்து நிறுத்தினார். பதிவு பெற்ற கலத்தின் ஓட்டி பதிவு பெறாத கலத்தில் ஏறினால் இலாகாவின் கௌரவம் என்னாவது? பத்தொன்பதாம் விதி. அன்றோடு அதுவும் போயிற்று.

நான் சும்மா இருக்கவில்லை. மூன்றாவது மனு, நாலாவது மனு என்று எழுதிக்கொண்டே இருந்தேன். ஏழாவது மனுவை எழுதிவிட்டு, நானே இரண்டு தடவை சத்தமாகப் படித்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் 'விஷயம் ஆலோசனையில் இருக்கிறது' என்று ஒரே பதில். பத்தாவது மனுவுக்குப் பதிலாக, மனுதாரன் அடிக்கடி மனுப் போடுவதால் ஆலோசனை தடைப்படுகிறது என்று ஒரு கண்டனம் வந்தது.

புரட்டாசிக் கடைசியில் ததேயுஸ் வந்து, "ஒரு வெரலு சாரே" என்றான்.

ஐப்பசியில் திடீரென்று இலாகாவுக்கு உயிர் வந்தது. மலையில் தோட்டம் வைத்திருக்கும் ஒரு துரை வருகிறாராம். ஆரம்ப விழா! லைசென்ஸ் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். விருந்தினர் வரும் நாளில் விதிகள் ஓய்வெடுக்கும் என்று ஒரு விதி இருக்கிறதாம்.

தச்சனைக் கூட்டி வந்து ததேயுஸின் மரத்தின்மேல் கைவைத்த நாற்காலி ஒன்றை வைத்து, ஆறு இரும்பு ஆணி அடித்தார்கள். ஆணி அடிக்கும் சத்தம் கேட்டு ததேயுஸ் காதைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன். நாற்காலிக்கு மேலே குஞ்சம் வைத்த ஒரு பந்தல். ததேயுஸுக்குக் கழுத்து வரை பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டும் சிவப்புத் தலைப்பாகையும் மாட்டினார்கள். அந்தக் கோட்டோடு அவன் சூப்பிரண்டின் முன்னால் போய் நின்றான்.

"எசமானே, இது மெதக்காது. தொரைய ஏத்தாதையும். வேண்டாம்."

"மிதக்கும் என்று பைலில் இருக்கிறது" என்றார் சூப்பிரண்டு.

துரை வந்தார். பருத்த ஆள், சிவந்த முகம், வெயிலில் பாதி செத்திருந்தார். பாண்டு வாத்தியம் முழங்க அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பொன்னுலிங்கம் ஊதல் ஊதினார். ததேயுஸ் துடுப்பை ஊன்றினான். மரம் முன்னால் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. நேராகக் கீழே போயிற்று. அவசரமே இல்லாமல், துரையின் முழங்கால் நனைந்து, மடி நனைந்து, இடுப்பு நனைந்து, கடைசியில் மணலைத் தொட்டு நின்றது. பாண்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வாசிப்பதை நிறுத்தினார்கள். சூப்பிரண்டு கையில் வைத்திருந்த பிரசங்கக் காகிதத்தை மடித்தார். அப்பாடா, ஒரு துரையை முக்கிவிட்டார்கள், இன்றோடு இந்த இலாகா ஒழிந்தது, ததேயுஸுக்கு விமோசனம் என்று நான் மனசுக்குள் கர்த்தரைத் துதித்தேன்.

துரை கண்ணை மூடினார். ஒரு நிமிஷம் அசையவில்லை. பிறகு இரண்டு கையையும் நாற்காலிக் கைகளில் நீட்டிப் போட்டு, "ஆஹா!" என்றார். குடிக்க ஏதாவது கேட்டார். சுடலையாண்டி இடுப்பளவு தண்ணீரில் ஓர் இளநீரைத் தூக்கிக்கொண்டு ஓடினான். துரை முக்கால் மணி நேரம் அப்படியே கடலுக்குள் உட்கார்ந்திருந்தார். பின்னால் தண்ணீருக்குள் பித்தளைப் பொத்தானும் தலைப்பாகையுமாக ததேயுஸ் துடுப்போடு நின்றுகொண்டிருந்தான். போகும்போது துரை புத்தகத்தில் எழுதினார்: 'கடலுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இவ்வளவு நிம்மதியான சாகசத்தை நான் எங்கும் கண்டதில்லை.'

சூப்பிரண்டு கையிலிருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பேசினார்.

"மகாஜனங்களே! மிதப்பது எந்தக் கட்டையும் செய்கிற காரியம். மிதக்காமல் இருப்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும்! வேறு சமஸ்தானங்களின் படகுகள் அலைகின்றன, ஆடுகின்றன, கவிழ்கின்றன. நம்முடையது போட்ட இடத்தில் கிடக்கிறது, நம்முடைய இலாகாவைப்போல! இதற்கு மூன்று மாதம் ஊறப்போட வேண்டியிருந்தது. யார் ஊறப்போட்டார்கள்? நாங்கள்! இந்தக் கரையிலுள்ள மற்ற நாற்பது கலங்களையும் இதேபோல் பதிந்து, கட்டி, முத்திரை வைத்து, ஊறப்போட்டு, நாற்பது நாற்காலிகள் போடுவோம் என்று உறுதி கூறுகிறேன்!"

மரக்காரர்கள் திரும்பித் தங்கள் நாற்பது மரங்களையும் பார்த்தார்கள். பாண்டு மறுபடி ஆரம்பித்தது.

ததேயுஸின் மரம் அங்கேயே நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. இரண்டு நாள் கழித்து அவனோடு செசிலியும் தக்கலைக்கு வந்தாள். நான் காகிதத்தை எடுத்துப் பதினோராவது மனுவை ஆரம்பித்தேன்.

"சாரே, மரத்தப்பத்தி இனி எழுதாண்டாம்" என்றாள் செசிலி. "மரம் போச்சு. அதுக்க பேச்செடுத்தா இவியளுக்குத் தொண்டையில சோறு எறங்கல. மூணு பிள்ளையளும் மரச்சீனிக் கெழங்கத் தின்னு கெடக்குதுவ. அவனுவ எடுத்த மரத்துக்குப் பதிலா ஒரு வேல தரச்சொல்லி எழுதும். என்ன எழவு வேலயானாலும் செரி."

எனக்கும் அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. என் திறமை முழுவதையும் காட்டி எழுதினேன். சும்மா வேலை கொடு என்றால் கொடுப்பானா? ஆளுக்கு ஒரு தகுதி சொல்ல வேண்டாமா? 'மேற்படி ததேயுஸ் முடிச்சுப் போடுவதில் இந்தக் கடற்கரையிலேயே நிகரற்றவன். இவன் கட்டிய கட்டு மூன்று மாதம் கடலில் கிடந்தும் நெகிழவில்லை என்பதைச் சமூகமே கண்ணால் கண்டது' என்று ஒரு வரி போட்டேன். அந்த வரியைப் போட்டபோது எனக்கு ரொம்பத் திருப்தி. இப்போது அதை நினைத்தால் என் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

எட்டே நாளில் உத்தரவு வந்தது. நான் எழுதின மனுவில் இவ்வளவு சீக்கிரம் பலித்தது வேறு கிடையாது. ததேயுஸை 'கட்டுச் சேவகனாக' நியமித்திருந்தார்கள். மற்ற நாற்பது மரங்களையும் அவிழ்க்க முடியாதபடி கட்டிக் கொடுக்க வேண்டும். சுடலையாண்டி கூடவே வந்து முத்திரை வைப்பான்.

நான் மூன்று மணி நேரம் நடந்து முட்டத்துக்குப் போனேன். இந்த வேலைக்குப் போகாதே என்று சொல்லத்தான் போனேன். போய்ச் சேர்ந்தபோது அவன் பித்தளைப் பொத்தான் கோட்டோடு மணலில் நின்றுகொண்டிருந்தான். பட்டியலில் முதல் பெயர் யேசுதாசன். யேசுதாசனின் மரம் நாலு தடியாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அவனுடைய பெண்டாட்டியும் பக்கத்து மரக்காரர்களும் சற்றுத் தள்ளி நின்றார்கள். பொன்னுலிங்கம் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஓய் ததேயுஸு, வேண்டாம் ஓய்" என்றேன்.

"வேற என்ன செய்ய, சாரே? நீரு பறயும்" என்றான்.

யேசுதாசனின் முகத்தைப் பார்க்காமல் தடிகளை உருட்டிச் சேர்த்தான். கயிற்றை எடுத்துக் குனிந்தான். தடியின் அடியில் கயிற்றைத் தள்ளிப் பார்த்தான், போகவில்லை. ஒற்றை ஆளாகக் கட்ட முடியாதே. இன்னொரு பக்கம் போய்த் தள்ளினான். அங்கும் போகவில்லை. மணலில் முழங்காலிட்டு, கையால் குழி தோண்ட ஆரம்பித்தான். கோட்டு முதுகில் நனைந்து ஒட்டியது. சுடலையாண்டிகூடத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

யேசுதாசன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வந்து, பத்துப் பதினைந்து வருஷமாக இருவரும் விடியற்காலையில் செய்து பழகினது போலவே, குனிந்து தடியின் நுனியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். ததேயுஸ் கயிற்றை உள்ளே விட்டு, அந்தப் பக்கம் எடுத்து, சுற்றி இழுத்தான்.

"இன்னும் இறுக்கும் மச்சான்" என்றான் யேசுதாசன். "அலையில நெகிழ்ந்துரும்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு என்ன சொன்னோம் என்று தெரிந்தது. தடியை விடவில்லை. ததேயுஸ் காலை ஊன்றி இறுக்கினான். சுடலையாண்டி தீக்குச்சியை உரசினான்.